அருங்காட்சியகத் தோட்டத்தில் ஒரு வார்ப்பு

எங்கள் நெஞ்சில் ஒட்டிய ஸ்டிக்கரில் எங்கள் பெயர் இல்லை. மருமகளின் பெயர்தான் இருந்தது. அதற்கு மேலே 'ஊழியரின் விருந்தினர்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். அதைச் சேலையில் ஒட்டிக்கொள்வதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். சுங்க அலுவலகத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறி, துறைமுகத் தீவில் இறங்கி, வந்த சரக்கையும் போகும் சரக்கையும் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. சரக்கு யாருடையது என்பது அங்கே இரண்டாம் பட்சம். தாளில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அன்று நானும் என் கணவரும் சரக்கு. தாள், மருமகள்.

அமெரிக்காவில் மகன் குடியிருக்கும் ஊரில் ஒரு பெரிய கலை அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டடத்துக்குள்ளே ஓவியங்களும் சிலைகளும். வெளியே, நம் ஊர் மைதானங்கள் சிலவற்றை ஒன்றாகத் தைத்ததுபோல் ஒரு புல்வெளி, அதில் இரும்பிலும் கல்லிலும் செய்தவை. மருமகள் அங்கே உலோகப் பொருட்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று பேசுவதற்கு அன்று மதியம் அவளைக் கடைசி நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கிடைத்தால் இருவரும் அங்கே இருக்கலாம். கிடைக்காவிட்டால் அவளுடைய விசா முடியும். மகனோ அவள் விசாவின் நிழலில் இருப்பவன். ஆலுவாவில் அவள் வீட்டார் இந்த வேலைக்காக நோன்பெல்லாம் நேர்ந்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட நாளில் மாமனார் மாமியாரை அழைத்துக்கொண்டு போவானேன் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஊர் திரும்ப எங்களுக்குச் சில நாட்களே இருந்தன. அந்த வாரத்தில் மற்ற நாட்களில் அவளுக்கு ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வர முடியாது. தவிர, என் கணவர் வந்திறங்கிய நாளிலிருந்து தினமும் காலையில் அவளிடம் கேட்டார்: "மோளே, உன் ஆபீஸ எப்ப காட்டுவ?"

அவள் நல்ல பெண். முடியாது என்று சொல்லத் தெரியாதவள். அது ஒரு குறை. அந்தக் குறைக்கு விலை உண்டு.

மகன் எங்களை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். உள்ளே நுழைந்ததும் என் கைப்பையை ஒரு சட்டத்துக்குள் வைத்து அளந்தார்கள். அளவுக்கு மேலே இருந்தால் பெட்டகத்தில் பூட்ட வேண்டும். என் பை அளவுக்குள் இருந்தது. அளவை முன்பே இணையத்தில் பார்த்து அதற்கேற்ற பையைத்தான் எடுத்து வந்திருந்தேன். மைப்பேனா கூடாது, பென்சில் கூடும். முதுகில் பை கூடாது, மார்பில் கூடும். இதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். விதி எழுதியவன் எங்கேயோ ஒருமுறை அடிபட்டிருக்கிறான் என்பதுதான் ஒவ்வொரு விதிக்கும் அர்த்தம்.

"வாப்பா, உம்மா, ஒண்ணே ஒண்ணு," என்றாள் மருமகள். அவளுக்கு வீட்டில் மலையாளம். தமிழ் எங்களிடம் கற்றது. "ஒண்ணும் தொடண்டா. கையப் பின்னால கெட்டிக்கோங்க. எல்லாரும் அப்படித்தான் நடக்கும்."

"ஜெயில்லயா இருக்கோம்?" என்றார் கணவர்.

"ஜெயில்னா கைய முன்னால கெட்டுவாங்க வாப்பா."

அவர் சிரித்தார். கையையும் கட்டிக்கொண்டார். எனக்குத்தான் அந்தக் கைகளைப் பற்றித் தெரியும்.

அந்தக் கைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மட்டாஞ்சேரியில் என் கணவருக்குப் பாத்திர வாடகைக் கடை. அவர் அத்தா வைத்த கடை. கல்யாணத்துக்கு, நேர்ச்சைக்கு, காதுகுத்துக்கு பிரியாணிச் செம்பு, தாம்பாளம், சோறு அள்ளும் கோரி எல்லாம் வாடகைக்குப் போகும். எல்லாவற்றுக்கும் பெரியது வார்ப்பு: ஆள் உட்கார்ந்து குளிக்கக்கூடிய அகலத்தில், வெண்கலத்தில் வார்த்த உருளிப் பாத்திரம். பெரிய விருந்தென்றால் நாலு கடைப் பாத்திரம் ஒரே பந்தலில் கலந்துவிடும். அதனால் ஒவ்வொரு கடைக்கும் விளிம்பில் உளியால் வெட்டிய ஓர் அடையாளம் உண்டு. எங்களுடையது பிறையும் அதன் கீழே புள்ளிகளும். பாத்திரம் திரும்பி வரும்போது முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். அடுத்து, எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டு விளிம்பைத் தேய்க்க வேண்டும். களிம்பு விலகி அடையாளம் தெரியும். தட்டுவது, தேய்ப்பது, பார்ப்பது. அவர் கை அதை அறிவைக் கேட்டுச் செய்வதில்லை.

கடை நொடித்த ஒரு காலத்தில் அவர் அத்தா தங்கள் பெரிய வார்ப்பை யூதத்தெருவில் ஒரு பழம்பொருள் வியாபாரிக்கு விற்றுவிட்டார். அதிலிருந்து, எந்த ஹோட்டல் முகப்பில் வார்ப்பில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விட்டிருந்தாலும் என் கணவர் குனிந்து விளிம்பைத் தடவிப் பார்ப்பார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் சமையற்கட்டுக்குப் போவார். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் தெரியாது.

உள்ளே அறை அறையாகப் போனோம். ஒவ்வோர் அறையிலும் ஒரு காவலர். அறை மாறும்போது எங்களைக் கண்ணாலேயே அடுத்தவரிடம் ஒப்படைத்தார்கள். சரக்கை ஒப்படைக்கும் முறை அதுதான். கையெழுத்து மட்டும் வாங்கவில்லை. மருமகள் எங்களுக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாப்பாவின் கைகளைப் பார்த்தாள்.

பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றில் மேசைமேல் மீன் கிடந்தது. கணவர் அதன் முன் நின்றார்.

"ஆவோலியா இது?"

"தெரியல வாப்பா. ஏதோ கடல்மீன்."

"கண்ணு வெளுத்துருக்கு. நேத்தைய மீன். இதப் போயி வரைஞ்சிருக்கான்." சொல்லிக்கொண்டே பின்னால் இருந்த கை ஒன்று முன்னால் வந்து மீனின் கண்ணைச் சுட்டியது. சுவரில் எங்கோ ஒரு பீப் சத்தம். காவல்காரப் பெண் அருகில் வந்து, மரியாதையாக, ஓரடி பின்னால் நிற்கும்படி சொன்னாள். மருமகளின் கழுத்து சிவந்தது. அந்தப் பெண் எங்கள் ஸ்டிக்கரைப் படித்தாள். படித்துவிட்டு மருமகளைப் பார்த்துப் புன்னகைத்தாள். எனக்கு அந்தப் புன்னகை பிடிக்கவில்லை. பெயரைக் குறித்துக்கொள்ளும்போது எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான் புன்னகைப்போம்.

இந்திய அறைக்கு வந்தபோது அவள் கொஞ்சம் இளகினாள். மரத்தூண் ஒன்று, கருங்கல் தேவிகள், வரிசையாக வெண்கல விளக்குகள். அட்டையில் 'தென்னிந்தியா' என்று மட்டும் இருந்தது. எந்தத் துறைமுகத்தில் எந்த மேசையைத் தாண்டி வந்தன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை; அதை யாரும் அட்டையில் எழுதுவதில்லை.

கணவர் விளக்குகளைப் பார்த்து முகம் சுளித்தார். "பச்சையா களிம்பு பிடிச்சுக் கெடக்கு. இத்தன பேருக்குச் சம்பளம் கொடுக்கறாங்க. கொஞ்சம் புளி வாங்கக் கூடாதா?"

"வாப்பா," மருமகள் நின்று, திரும்பி, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "அந்தக் களிம்புதான் இவங்களுக்கு வேணும். அது தானா வளர்ந்த தோல். அதுல என்ன கலந்திருக்கு, எந்தக் காத்துல இருந்துச்சு, எல்லாம் அதுல எழுதிருக்கு. அது போகாம நோக்கறதுதான் என் ஜோலி."

"போகாம பாத்துக்கறதா?"

"ஆமா."

அவர் கொஞ்ச நேரம் விளக்கையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். களிம்பு ஏறிய பாத்திரத்தில் சோறு ஆக்கினால் பந்தி முழுக்கப் படுத்துவிடும் என்று சொல்லி, தேய்க்காத வேலையாளை அன்றே அனுப்பிவிடும் கடையில் வளர்ந்தவர். "மனசிலாயி," என்றார். புரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு சிற்றுண்டிச் சாலையில் சாயா கேட்டார். காகிதக் கோப்பையில் வெந்நீர், நூல் கட்டிய ஒரு பொட்டலம், ஓர் எலுமிச்சைத் துண்டு வந்தன. எலுமிச்சையைப் பார்த்து, "இத என்ன செய்யணும்? கண்ணு படாம இருக்க வெச்சதா?" என்று கேட்டார். தூக்கிப் போட மனமில்லாமல் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு வந்த முட்டையோடு வைத்திருந்த உப்புப் பொட்டலமும் கூடவே போயிற்று. ஓசியாகக் கொடுத்ததை விட்டுவிட்டு வருவது எங்கள் வீட்டில் பழக்கமில்லை.

மதியத்துக்குச் சற்று முன்னால் மருமகள் எங்களைத் தோட்டத்துக்கு அழைத்து வந்தாள். வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லை. சிவப்புச் சாயம் அடித்த இரும்பு உத்தரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. கொஞ்சம் தள்ளிக் கருங்கற்கள். ஒரு கல்லின் மேல் உட்காரலாம் என்று பலகை சொன்னது; பக்கத்துக் கல்லின் மேல் உட்காரக் கூடாது என்றது இன்னொரு பலகை. இரண்டும் ஒரே கல்தான், செதுக்கியவர்கள் வேறு.

ஒரு மரப்பெஞ்சைக் காட்டினாள். "இது உண்மையான பெஞ்ச். நான் கேட்டு உறுதி செஞ்சிட்டேன். இதுல இருங்க. எனக்கு ஒரு மணிக்கூர் ஆகும். எழுந்திரிக்கண்டா."

"பயப்படாதே மோளே, எல்லாம் நல்லா வரும்," என்றார் கணவர். அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு போனாள். புல்வெளியைத் தாண்டும்போது அவள் உதடு அசைவது தெரிந்தது. ஓதிக்கொண்டே போயிருக்க வேண்டும்.

நான் கையேட்டில் வரைபடத்தைப் பிரித்து எந்தச் சிற்பம் எது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் தவறு என்று கணவர் பிற்பாடு சொன்னார். நான் தவறு என்று ஏற்கவில்லை. பக்கத்தில் இருக்கும் எழுபது வயதுக்காரரை விலங்கிட்டு வைக்க எந்த விதியிலும் இடமில்லை.

முதலில் ஒரு சத்தம் கேட்டது. டங் என்று, நீளமாக, பள்ளிவாசல் பக்கத்தில் எங்கள் கடையில் அந்திநேரத்தில் கேட்கும் சத்தம். கட்டைக்குரல் வெண்கலம். அமெரிக்காவில் அந்தச் சத்தம் கேட்க நியாயமே இல்லை. தலையைத் தூக்கினேன். பெஞ்சில் பக்கத்தில் யாரும் இல்லை.

வேலிச்செடியின் அந்தப் பக்கம், தாழ்வான கல் மேடையின் மேல் ஒரு வார்ப்பு இருந்தது. கரும்பச்சையில், நம் வார்ப்புதான், நான்கு காதுகளோடு. என் கணவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதன்மேல் குனிந்திருந்தார். வலது தோள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. விளிம்பில், கட்டைவிரல் நீளத்துக்கு, பொன் போல மின்னியது. சுற்றிலும் இருந்த கரும்பச்சை நடுவே அது ஒரு பல்லைப் போலத் தெரிந்தது.

"என்ன செஞ்சீங்க?"

"கை போயிருச்சு," என்றார். விரலிடுக்கில் எலுமிச்சைத் துண்டு இருந்தது. "சத்தம் நம்ம வார்ப்பு மாதிரியே இருந்துச்சு. நோக்கு, இங்க ஒரு வளைவு தெரியுது. பிறையா என்னன்னு..."

"அந்தப் பிள்ள காலைல என்ன சொன்னா?"

அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. பூச்செடியின் அடியிலிருந்து ஈரமண்ணை எடுக்கக் குனிந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். மண் பூசினால் இரண்டு குற்றம் ஆகும். முதலாவதைத் தவறு என்று சொல்லலாம், இரண்டாவதை மறைப்பு என்றுதான் எழுதுவார்கள்.

சுற்றிப் பார்த்தேன். கம்பத்தில் ஒரு கேமரா, ஆனால் அது சிவப்பு உத்தரத்தைப் பார்த்து இருந்தது. காவலர் தொலைவில் ஒரு குழந்தையைக் கல்லிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. மருமகள் அந்த நேரம் உள்ளே, நீள மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

"கேளுங்க," என்றேன். "இப்ப யார்ட்டயும் சொல்ல வேண்டாம். இன்னைக்கு அவ பேப்பர் மேசைல இருக்கு. மேசைல இருக்கற பேப்பர் மேல தண்ணி ஊத்தக் கூடாது. முடிவு வரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அது மரியாத இல்ல."

"மரியாதைய ஊர்ல போயி காட்டுங்க."

"எங்க கடைல கீறல் விழுந்த செம்பச் சொல்லாம வெச்சிட்டுப் போனவனுக்கு அடுத்த கல்யாணத்துக்குப் பாத்திரம் கிடையாது. எங்க அத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான். நான் போயிச் சொல்றேன்."

"சொன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நெஞ்சுல யாரு பேரு ஒட்டிருக்குன்னு பாருங்க."

அவர் குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தார்.

காவலர் எங்களை நோக்கி வந்தார். நான் வார்ப்புக்கு முன்னால் நின்றுகொண்டு வரைபடத்தை இரண்டு கையாலும் அகலமாக விரித்தேன். முந்தானையும் கொஞ்சம் உதவியது. தோட்டம் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். மிகவும் பிடித்திருக்கிறது என்றேன். எந்த நாடு என்றார். சொன்னேன். இந்த அண்டாவும் அங்கிருந்துதான் வந்தது, தெரியுமா என்று மகிழ்ச்சியோடு கேட்டு, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கப் போனார். கணவர் வாயைத் திறந்தார். யூதத்தெருவில் வெள்ளைக்காரர்களோடு பேசிப் பழகிய ஆங்கிலம் அவருடையது. வேண்டிய நேரத்தில் வராது, வேண்டாத நேரத்தில் ஓடி வரும். அவர் முழங்கையைக் கிள்ளினேன். கழிப்பறை எங்கே என்று காவலரிடம் கேட்டேன். அவர் திரும்பி, கை நீட்டி, விளக்கமாக வழி சொன்னார். சொல்லி முடித்தபோது வானொலிக் கருவியில் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

எத்தனையோ கப்பல் கேப்டன்கள் என் முன்னால் உட்கார்ந்து பொய் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கழுத்துப் பின்னால் வேர்த்திருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

பெஞ்சுக்குத் திரும்பினோம். அவர் உள்ளங்கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தார். புல்லின் மேல் நிழல் நகர்ந்தது.

மருமகள் வந்தபோது ஏறக்குறைய ஓடி வந்தாள். "உம்மா, நல்லா போயி. அவங்க எழுந்து கை குலுக்கி. வெள்ளிக்கிழமை சொல்வாங்களாம். ஆனா முகம் பாத்தா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். எங்கள் முகத்தைப் பார்த்தோ, இல்லை அதற்கு முன்பே அவள் கண் வேலிச்செடிக்கு அப்பால் போய்விட்டதோ தெரியாது. சின்ன மின்னல்தான். நூறு பேர் கடந்து போயிருப்பார்கள். அவள் வேலையே அதைப் பார்ப்பது.

நடந்து போனாள். முழந்தாளிட்டாள். தொடவில்லை, மூக்கை மட்டும் கிட்டே கொண்டுபோனாள்.

"ஆரு?"

"நான்தான் மோளே," என்றார் கணவர்.

"எலுமிச்சையா?"

"எலுமிச்சயும் கொஞ்சம் உப்பும்."

"உப்போ?" குரல் உயரவில்லை, உடைந்தது. "வாப்பா, உப்பு வெண்கலத்துக்கு விஷமாக்கும். உள்ளே போயி அரிக்கும். உடனே கழுவணும். எப்ப தேய்ச்சது?"

"நீ போனதும்."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"மோளே, நான் சொல்றதக் கேளு. கழுவத் தெரிஞ்சவ நீதான். உன் பைல தண்ணி இருக்கு. இப்பவே கழுவிடு. அந்த இடத்த என்ன செய்யணும்னும் உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை முடியட்டும். அடுத்த வாரம் நீயே கண்டுபிடிச்ச மாதிரி ஒரு குறிப்பு எழுது. பொய் இல்ல, யார் செஞ்சதுன்னு எழுதலைன்னா அது பொய் ஆகாது. ஒரு பொருளோட நிலைமையப் பத்தின குறிப்புல ஆளோட பேரு வேணும்னு எந்த ஊர்லயும் கட்டாயம் இல்ல."

இதை நான் தாழ்ந்த குரலில், தெளிவாகச் சொன்னேன். சரியான யோசனை. இப்போதும் அதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அவள் பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்தாள். மூடியைத் திருகினாள். புட்டி அவள் கையில் அப்படியே இருந்தது. கணவர் மேடைக்குப் பக்கத்தில் தலை குனிந்து, பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைத்த பிள்ளைபோல நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தண்ணீரை விளிம்பில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே மறுகையால் போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டாள். "என் விருந்தினர்," என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னது கேட்டது. "ஆமாம். என் கணவரின் தந்தை."

மேலதிகாரி என் வயதை ஒத்த பெண்மணி. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். சிறு பெட்டியோடு வந்து, புல்லில் ஒரு திண்டைப் போட்டு முழந்தாளிட்டு, பஞ்சும் தண்ணீரும் வைத்து நெடுநேரம் வேலை செய்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடுநடுவே கணவரிடம் கேள்வி கேட்டார்: எதனால் தேய்த்தீர்கள், எவ்வளவு அழுத்தி, எந்தத் திசையில். பதில்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டார். ஏன் என்று மட்டும் கடைசியில் கேட்டார். கணவர் தன் யூதத்தெரு ஆங்கிலத்தில் கடையையும் அடையாளத்தையும் சொன்னார். மேலதிகாரி கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து விளிம்பைக் காட்டினார். மருமகளும் குனிந்தாள்.

கணவர் பார்த்தார். "சங்கு," என்றார் தமிழில். "ஏதோ கோயில் பாத்திரம். நம்மளது இல்ல."

அந்த அம்மையார் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தார். மருமகளிடம், "நாளை பேசுவோம்," என்றார். அந்தச் சொல்லை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு நாளை நல்ல செய்தி கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

வீட்டில் மகன் கேட்டான், அவள் சொன்னாள், அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த வாரம் மருமகள் வாப்பாவுக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள், பாலோடு. எனக்கும் கொடுத்தாள். ஆனால் அதற்கு முன்னெல்லாம் விசா, வரி, வாடகை ஒப்பந்தம் என்று எந்தத் தாள் வந்தாலும் என் முன்னால் கொண்டுவந்து வைத்து, "உம்மா, இது நோக்குங்க," என்பாள். அது நின்றுவிட்டது. தாள்கள் வந்தன. அவளே படித்தாள்.

வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. முடிவு தள்ளிவைக்கப்பட்டது, அதுவரை தற்காலிகப் பணி தொடரும். மகன் எனக்குப் படித்துக் காட்டினான். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தள்ளிவைப்பது என்பது இல்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை என்று அவனுக்கே தெரிந்திருந்தது. நாங்கள் விமானம் ஏறினோம்.

மட்டாஞ்சேரியில் அதன் பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் போன் அடித்தால் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். கணவர் கடையில் வேலையாட்களிடம் எரிந்து விழுந்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு பேர் வேலையில்லாமல் வந்து இறங்கினால் மாடியறையை எப்படி ஒழிப்பது என்று மனதுக்குள் பெட்டிகளை நகர்த்திக்கொண்டே கிடந்தேன். ஆலுவாவிலிருந்து சம்பந்தியம்மா ஒருமுறை வந்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்த மாதிரி அவ்வளவு அன்பாக இருந்தார்.

மழை விட்ட ஒரு காலையில் மருமகள் கூப்பிட்டாள். போனைக் கணவர் எடுத்தார். "கிடைச்சிருச்சு வாப்பா," என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. நிரந்தரம். அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். கண்ணைத் துடைத்தார். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே போகிறார் என்று தெரியும். பஜார் ரோட்டில் முதல் கடையிலிருந்து கடைசிக் கடைவரை சொல்லுவார்: மறைக்காமல் சொன்னாள் என் மருமகள், அதற்காகவே கொடுத்தார்கள் என்று. கோப்புகளைப் பார்த்தவள் என்ற முறையில் நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பிரிவில் யாரோ வேலையை விட்டுப் போயிருப்பார்கள், இடம் காலியாகியிருக்கும்.

"உம்மா," என்றாள் அவள்.

"சந்தோசம் மோளே."

"ஒரு காரியம் சொல்லட்டா? அன்னைக்கு நீங்க சொன்னப்போ, அப்படியே செய்யலாம்னுதான் நானும் நினைச்சேன். கழுவிட்டு மிண்டாம, யார்ட்டயும் சொல்லாம இருக்கலாம்னு. புட்டியைத் திறந்ததே அதுக்காக்கும்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "பிறகு ஏன் போன் செஞ்சே?"

"வாப்பா முகத்தப் பார்த்தேன். நான் சொல்லலைன்னாலும் அவர் வாசல்ல போற யாரையாவது நிறுத்திச் சொல்லிருவார்னு தோணி. அப்ப என் கதை என்ன ஆகும்? அதுக்கு நானே முதல்ல சொல்றது சேஃப் இல்லையா?"

யோசித்துப் பார்த்தேன். மறைப்பு நிற்காது என்று தெரிந்த பிறகு முதல் தாளைத் தானே எழுதுவது. பிழை சொல்ல ஒன்றும் இல்லை.

"சரியான முறைதான்," என்றேன்.

அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது. பிறகு, புது விசாவுக்கு ஏதோ ஒரு தாள் வந்திருக்கிறது, அதில் ஒரு பத்தி மனசிலாகவில்லை, படிக்கட்டுமா என்று கேட்டாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படி என்றேன்.

கணவர் மதியம் திரும்பி வந்தார். தெரு முழுக்க இனிப்புக் கொடுத்திருந்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையான பிள்ளையா என்று எல்லோரும் அதிசயப்பட்டார்களாம். ஆமாம் என்றேன். சோறு எடுத்து வைத்தேன்.